எலெக்ட்ரிக் கிட்டாரில் சஸ்டெய்னர் பொருத்துவது எப்படி

கம்ப்ரெஸ்ஸர் பெடல் போட்டாலே சஸ்டெய்ன், அதாவது சுரம் நீண்டு நிற்பது, கிடைக்கும் என்பார்கள். தேய்ந்துகொண்டே போகும் ஒலியைத் தூக்கிப் பிடிப்பதோடு அதன் வேலை முடிந்தது. தந்தி நின்றால் ஒலியும் நின்றுவிடும். சஸ்டெய்னர் தந்தியையே நிற்கவிடாது. பிரிட்ஜ் பிக்கப் (தந்திகள் உட்காரும் பிரிட்ஜின் அருகே இருக்கும் காந்தச் சுருள்) அதிர்வைப் பிடிக்கிறது, கிட்டாருக்குள் இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயர் அதைப் பெருக்குகிறது, நெக் பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவர் காயில் அதைக் காந்தப்புலமாக்கி அதே தந்தியைத் திரும்பத் தள்ளுகிறது. கையில் பிடித்து வாசிக்கும் இபோ (EBow) என்ற கருவியிலும் இதே தத்துவம்தான். ஆனால் அது ஒரு நேரத்தில் ஒரு தந்திக்குத்தான், பிக் பிடிக்கும் கையையும் எடுத்துக்கொள்ளும். இந்தச் சுற்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தச் சுற்றில் எங்கோ ஒரு கண்ணியில்தான் இருக்கும்.

எல்லாக் கிட்டாரும் இதற்குத் தோதில்லை. பிரிட்ஜில் ஹம்பக்கர் (இரண்டு சுருள் உள்ள பிக்கப்) இருப்பது நல்லது. சிங்கிள் காயிலிலும் ஓடும், ஆனால் டிரைவரின் காந்தப்புலத்தை அது அதிகமாக வாங்கிக்கொள்வதால் சீக்கிரம் கீச்சிடும். டிரைவரும் பிரிட்ஜ் பிக்கப்பும் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவு நிம்மதி. நெக் பிக்கப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில்தான் டிரைவர் உட்காரும். சஸ்டெய்னியாக், ஃபெர்னாண்டஸ் போன்ற கம்பெனிகளின் கிட்களில் (பாகங்கள் மொத்தமாக வரும் தொகுப்பு) சஸ்டெய்னை அணைத்திருக்கும்போது டிரைவரே நெக் பிக்கப்பாகவும் வேலை செய்யும் வகைகள் உண்டு. உங்கள் நெக் பிக்கப்பின் தனிக்குணம்தான் உங்களுக்கு உயிர் என்றால், இந்த மாற்றத்தை வேறொரு கிட்டாரில் செய்யுங்கள்.

கிட் வாங்கும் முன் கன்ட்ரோல் குழியை (வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் உள்ள குழி) திறந்து அளந்துவிடுங்கள். சர்க்யூட் போர்டு, 9 வோல்ட் பேட்டரி, ஒரு டிரைவ் பாட் (தள்ளும் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்), ஆன்-ஆஃப் ஸ்விட்ச், அடிச்சுரமா ஹார்மோனிக்கா (அடிச்சுரத்துக்கு மேலான சுரம்) என்று மாற்றும் மோட் ஸ்விட்ச் இவ்வளவும் உள்ளே போக வேண்டும். மூன்று பாட் உள்ள கிட்டாரில் இரண்டாவது டோனை எடுத்துவிட்டு டிரைவ் பாட்டை வைத்தால் புதிதாக ஓட்டை போட வேண்டியது ஸ்விட்ச்களுக்கு மட்டும்தான். மினி டாகிள் ஸ்விட்ச்சுக்கு ஏறக்குறைய 6.5 மி.மீ. போதும். ஓட்டையே வேண்டாம் என்றால் இழுத்தால் ஸ்விட்ச்சாகவும் வேலை செய்யும் புஷ்-புல் பாட் இருக்கிறது, ஆனால் அதன் வால் நீளம், ஆழமில்லாத குழியில் மூடி மூடாது. துளையிடும்போது பிக்கப்களை டேப்பால் மூடிவிடுங்கள். காந்தத்தில் ஒட்டிய இரும்புத்தூள் லேசில் வராது. பேட்டரிக்குத் தனிப் பெட்டி பதிக்க முடிந்தால் பதியுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் பின்மூடியின் திருகுகளைக் கழற்ற வேண்டியிருக்கும், சில வருடத்தில் மரத்தில் மரை தேய்ந்துபோகும்.

30 முதல் 40 வாட் சால்டரிங் அயர்ன், 0.8 மி.மீ. ரோசின் கோர் ஈயம், மல்டிமீட்டர், ஹீட் ஷ்ரிங்க் டியூப், இருபக்க ஃபோம் டேப் போதும். பழைய இணைப்புகளைக் கழற்றும் முன் இரண்டு கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை கேபிள் செருகும் ஜாக். பழைய மோனோ ஜாக்கை எடுத்துவிட்டு ஸ்டீரியோ ஜாக் போட வேண்டும். அதில் மூன்று தொடுபுள்ளிகள்: டிப்பில் (பிளக்கின் நுனி தொடுவது) சிக்னல், ஸ்லீவில் (பிளக்கின் உடல் தொடுவது) கிரவுண்ட், இரண்டுக்கும் நடுவிலுள்ள ரிங்கில் பேட்டரியின் கறுப்பு ஒயர். மோனோ பிளக்கைச் செருகியதும் அதன் உடல் ரிங்கையும் ஸ்லீவையும் இணைத்துவிடும், சர்க்யூட்டுக்குக் கரண்ட் போகும். ஜாக்கின் மூன்று காதுகளில் எது எது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிளக்கைச் செருகி மல்டிமீட்டரின் பீப் ஒலியை வைத்துக் கண்டுபிடியுங்கள். டிப்பும் ரிங்கும் மாறிப்போவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. சால்டர் செய்த பிறகு, பிளக் இல்லாமல் பேட்டரி ஒயரில் மில்லிஆம்பியர் அளந்து பாருங்கள். பூஜ்ஜியம்தான் வர வேண்டும்.

அடுத்தது போர்டு. இதை ஃபோம் டேப்பில் ஒட்டுங்கள். குழியில் செப்புத் தாள் ஒட்டியிருந்தால் போர்டின் சால்டர் பக்கம் அதைத் தொடாமல் நடுவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். பிரிட்ஜ் பிக்கப்பின் ஹாட் ஒயர் (சிக்னல் வரும் ஒயர்) இனி நேராக, பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் ஸ்விட்ச்சுக்குப் போகாது. பெரும்பாலான கிட்களில் முதலில் போர்டுக்குப் போய், அங்கிருந்துதான் திரும்பும். இதில் கிட்டோடு வந்த வரைபடத்தை மட்டும் நம்புங்கள். ஒரு கம்பெனியின் ஒயர் நிறம் இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. தந்திகளின் கிரவுண்டையும் சோதியுங்கள்: பிரிட்ஜுக்கும் ஜாக் ஸ்லீவுக்கும் இடையே சில ஓமுக்கு மேல் காட்டக் கூடாது.

டிரைவர் ஒயர்களைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அதில் ஓடுவது பெருக்கப்பட்ட மின்னோட்டம். அது பிக்கப் ஒயரோடு ஒட்டிக்கொண்டு ஓடினால் சிக்னல் கசிந்து, தந்தியைத் தொடாமலே கிட்டார் ஊளையிடும். டிரைவர் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்குங்கள், பிக்கப் ஒயருக்கு ஷீல்டு உள்ள கேபிள் போடுங்கள், முடிந்தவரை வேறு வழியில் கொண்டுபோங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிந்தும் சாதாரண மோடில் சுரம் நிற்காமல், மேல் ஹார்மோனிக் ஒன்று தானாகக் கிளம்புகிறதா? ஹார்மோனிக் மோடுக்கு மாற்றினால் அடிச்சுரம் ஒழுங்காக நிற்கிறதா? அப்படியென்றால் ஃபேஸ், அதாவது தள்ளும் திசை, தலைகீழாக இருக்கிறது. டிரைவர், தந்தி போகும் திசையிலேயே தள்ளினால் அடிச்சுரம் வளரும். எதிர்த்திசையில் தள்ளினால் அடிச்சுரம் அடங்கி, டிரைவர் இருக்கும் இடத்திலும் பிக்கப் இருக்கும் இடத்திலும் எதிரெதிராக அசையும் ஹார்மோனிக் வளரும். மோட் ஸ்விட்ச் செய்வதே அடிப்படையில் இந்தத் தலைகீழ் மாற்றம்தான். பிரிட்ஜ் பிக்கப்பில் நான்கு ஒயர் கேபிள் இருந்தால் ஹாட் ஒயரையும் கிரவுண்ட் ஒயரையும் இடம் மாற்றுங்கள், உறையில்லாத ஒயரை மட்டும் கிரவுண்டிலேயே விடுங்கள். ஒற்றை ஒயருக்கு மேல் பின்னலாக ஷீல்டு உள்ள பழைய வகை என்றால் மாற்றவே கூடாது. ஷீல்டே ஹாட் ஒயராகி, இரைச்சல் தாங்காது. அப்போது டிரைவரின் இரண்டு ஒயர்களை மாற்றுங்கள்.

கடைசியாக உயரம். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் டிரைவருக்கும் தந்திக்கும் 2 மி.மீ. அளவு இடைவெளி இருக்கட்டும், அங்கிருந்து தொடங்கிச் சரிசெய்யுங்கள். மெல்லிய தந்திகள்தான் எப்போதும் சோம்பேறிகள். அந்தப் பக்கத்தைச் சற்று உயர்த்துங்கள். டிரைவ் பாட்டைக் கூட்டும்போது கிளீன் சவுண்டில் கரகரப்பு கேட்டால், டிரைவரின் புலத்தை பிரிட்ஜ் பிக்கப் நேரடியாகவே பிடிக்கிறது. டிரைவைக் குறைப்பதற்கு முன் பிரிட்ஜ் பிக்கப்பைத் தந்திக்கு அருகே உயர்த்திப் பாருங்கள். தந்தியின் சிக்னல் பலமானால் கசிவு அமுங்கிவிடும்.

வாசிக்கும்போது, தொடாத தந்திகளும் தாமாகப் பாடத் தொடங்கும். இது கோளாறு இல்லை, உள்ளங்கையால் அடக்கப் பழக வேண்டும். பேட்டரி அல்கலைனாக இருக்கட்டும். சஸ்டெய்ன் பலவீனமானாலே பேட்டரி தீர்கிறது என்று பொருள். டிரைவரையே நெக் பிக்கப்பாகப் பயன்படுத்தும் கிட்களில் பேட்டரி தீர்ந்தால் நெக் சவுண்டும் போய்விடும். வாசித்து முடித்ததும் பிளக்கை உருவிவிடுங்கள்.