பிள்ளையின் சிகிச்சைக்குப் பணம் திரட்டுவது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு

பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பெரிய நோய் என்று தெரிந்தால் வீட்டில் யாருக்கும் கையும் ஓடாது, காலும் ஓடாது. மருத்துவமனை சொல்லும் தொகையைக் கேட்ட மறுநிமிடமே ஒரு போட்டோ, நாலு வரி, ஒரு வங்கிக் கணக்கு எண் என்று எல்லா வாட்ஸப் குழுவுக்கும் அனுப்பிவிடுகிறோம். அந்தப் பதற்றம் புரிகிறது. ஆனால் ஓரிரு நாள் எடுத்து முறையாகத் தயார் செய்துகொண்டு இறங்கினால் அதிகம் பேர் தருவார்கள், பின்னால் சங்கடமும் வராது. சில குடும்பங்களோடு கூட நின்று இந்த வேலையைச் செய்திருக்கிறேன், அதில் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், இதைப் பெற்றோர் தலையில் கட்டாதீர்கள். அவர்கள் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டும். சித்தப்பாவோ அத்தையோ குடும்ப நண்பரோ யாராவது ஒருவர் முன்னே நிற்கட்டும், பணக் கணக்கைப் பார்க்க இன்னொருவர் இருக்கட்டும். போனில் பேசத் தயங்காதவரும் கணக்கில் கறாரானவரும் சேர்ந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: மருத்துவமனையில் எழுத்தில் வாங்குங்கள்

வாய்வார்த்தையாகச் சொன்ன தொகையை வைத்து யாரிடமும் கேட்காதீர்கள். மருத்துவமனையின் லெட்டர்பேடில், நோயின் பெயர், என்ன சிகிச்சை, எதற்கு எவ்வளவு, என்று பிரித்து எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் முத்திரையும் வைத்த எஸ்டிமேட் ஒன்று வேண்டும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு அப்புறம் என்ன செலவு வரும்? இந்தக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோயில் பரவலான வகைக்குச் சிகிச்சை பொதுவாக 2 முதல் 3 வருடம் நீளும். சிறுநீரகமோ கல்லீரலோ மாற்றினால், மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்க மாத்திரையை வருடக்கணக்கில் விடாமல் சாப்பிட வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் கணக்குப் போட்டுத் திரட்டிவிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி அதே ஆட்களிடம் போய் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

வெளியில் கேட்பதற்கு முன் உள்ளே கேட்டுவிடுங்கள். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார், அவரைத் தேடிப் போய்ப் பாருங்கள். எந்த அரசுத் திட்டத்தில் வரும், காப்பீடு எதுவரை தரும், எந்த அறக்கட்டளைக்கு எழுதலாம், பில்லில் சலுகை உண்டா, தவணையில் கட்டலாமா, எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனால் கேட்டால்தான் சொல்வார். சில விலையுயர்ந்த மருந்துகளுக்கு, வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவோ குறைந்த விலையிலோ தரும் திட்டங்கள் உண்டு. இரத்தப் புற்றுநோயால் 17 வயதில் இறந்துபோன மேக்ஸ் என்ற பையனின் பெயரில் அவன் குடும்பம் 1997இல் தொடங்கிய மேக்ஸ் ஃபவுண்டேஷன் பல நாடுகளில் இப்படித்தான் புற்றுநோய் மருந்துகளை நோயாளிகளிடம் சேர்க்கிறது. இந்த வழியில் கிடைப்பதையெல்லாம் கழித்த பிறகு நிற்கும் தொகைதான் நீங்கள் திரட்ட வேண்டியது.

படி 2: பிள்ளையிடம் கேளுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். ஐந்து வயதுக் குழந்தைக்குத் திரட்டுவதும் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் திரட்டுவதும் ஒன்றல்ல. இந்த வயதுப் பிள்ளை போன் வைத்திருக்கும், நீங்கள் எழுதுவதைப் படிக்கும், அதன் கீழே மற்றவர்கள் எழுதுவதையும் படிக்கும், வகுப்பில் கூடப் படிக்கிறவர்களும் படிப்பார்கள். குணமாகித் திரும்பிப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் வேலைக்கும் போக வேண்டிய பிள்ளை அது. மொட்டைத் தலையோடு, மூக்கில் குழாயோடு எடுத்த போட்டோ அந்தப் பெயரைத் தேடும்போதெல்லாம் வந்து நிற்க வேண்டுமா?

1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கை 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பொதுவாகக் குழந்தையாகவே கணக்கில் எடுக்கிறது. தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதன் 12ஆம் பிரிவும், அவர்களுடைய அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவும் சொல்கின்றன. சட்டம் இருக்கட்டும், நடைமுறையில் பார்த்தாலும் கேட்டுச் செய்வதுதான் நல்லது. "உன் சிகிச்சைக்கு நாலு பேரிடம் உதவி கேட்கப் போகிறோம், எந்தப் போட்டோ போடலாம், நோயின் பெயரைச் சொல்லலாமா, யாருக்கெல்லாம் தெரியக்கூடாது?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் முகம் தெரியாத போட்டோ போடலாம், முதல் பெயர் மட்டும் போடலாம், இல்லை என்றால் பொதுவெளியில் எதுவுமே போடாமல் தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்கலாம். பல பிள்ளைகள் சம்மதிப்பார்கள், சிலர் தாங்களே எழுதித் தருகிறேன் என்பார்கள், அவர்கள் எழுதும் நாலு வரி நாம் எழுதும் நாற்பது வரியைவிட நன்றாக இருக்கும்.

பள்ளியின் பெயர், வீட்டு முகவரி, வார்டு எண் எதுவும் வேண்டாம். எஸ்டிமேட்டின் நகலைப் போடும்போது நோயாளி எண், பிறந்த தேதி, போன் எண் ஆகியவற்றை மறைத்துவிடுங்கள்.

படி 3: இலக்கை முடிவு செய்யுங்கள்

ஒரு பெரிய தொகையை மொத்தமாகப் போட்டால் படிக்கிறவருக்கு மலைப்பு வரும், தான் கொடுக்கும் சின்னத் தொகையால் என்ன ஆகிவிடும் என்று நகர்ந்துவிடுவார். முதல் கட்டத்துக்கு இவ்வளவு, இந்தத் தேதிக்குள், என்று பிரித்துக் கேளுங்கள். அந்தக் கட்டம் நிறைந்ததும் அடுத்ததைத் திறக்கலாம். மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதை மறைக்கத் தேவையில்லை, அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கட்டணம், பயணம், தங்குமிடம், வேலைக்குப் போகாத பெற்றோரின் வீட்டுச் செலவு, இவையெல்லாம் சேர்ந்த தொகை என்றால் அப்படியே தனித்தனியாக எழுதுங்கள். சிகிச்சை என்று கேட்டுவிட்டு வாடகைக்குக் கொடுத்தால் அது நியாயமான செலவாகவே இருந்தாலும் பேச்சு வரும்.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் 2020 வரை அமெரிக்காவில் கோஃபண்ட்மீ என்ற நிதி திரட்டும் இணையதளத்தில் நடந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவ நிதி திரட்டல்களை ஆராய்ந்து 2022இல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இலக்கை எட்டியவை 12 சதவீதத்துக்கும் குறைவு. ஒரு காசுகூட வராதவை 16 சதவீதம். பக்கத்தைத் திறந்து வைத்தாலே முன்பின் தெரியாதவர்கள் வந்து கொட்டுவார்கள் என்பது பெரும்பாலும் நடப்பதில்லை. அதனால் ஆறாம் படியை நன்றாகப் படியுங்கள்.

படி 4: பணம் எங்கே வந்து சேரும்?

மூன்று வழிகள் உண்டு. மருத்துவமனைக் கணக்குக்கே நேராகக் கட்டச் சொல்வது எல்லோருக்கும் நம்பிக்கை தரும், அனுப்பும்போது பிள்ளையின் நோயாளி எண்ணைக் குறிப்பிடச் சொல்ல வேண்டும், அந்த எண்ணைத் தருபவர்களுக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். மருந்துக்கும் பயணத்துக்கும் இந்தப் பணத்தை எடுக்க முடியாது என்பதுதான் குறை. இரண்டாவது, பெற்றோரின் பெயரில் இதற்கென்றே தனியாக ஒரு வங்கிக் கணக்கு. சம்பளம் வரும் கணக்கையே கொடுத்தால் எது உதவிப் பணம், எது சொந்தப் பணம் என்று பிறகு பிரிக்கவே முடியாது. மூன்றாவது, நிதி திரட்டும் இணையதளம். எந்தத் தளம் என்றாலும் முதலில் நாலு விஷயம் பாருங்கள்: எவ்வளவு பிடித்துக்கொள்கிறார்கள், பணத்தை எடுக்க எத்தனை நாள் ஆகும், என்ன ஆவணம் கேட்கிறார்கள், உங்கள் நாட்டு வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்களா. கோஃபண்ட்மீ மாதிரியான பெரிய தளமே எல்லா நாட்டிலும் இயங்குவதில்லை. பல தளங்களில் கொடுப்பவர் பணம் கட்டும் இடத்தில் தளத்துக்கென்று ஒரு 'டிப்' தொகை தானாகவே சேர்ந்து நிற்கும். அது கட்டாயமில்லை, மாற்றிக்கொள்ளலாம் என்று உங்கள் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

வரி, வெளிநாட்டிலிருந்து பணம் பெறும் விதிகள், கணக்கில் பணம் சேர்ந்தால் அரசு உதவித்தொகை நின்றுபோகுமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். கணக்கு வழக்கு தெரிந்த ஒருவரிடம் பணம் வருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: எழுதுவது

"உயிருக்குப் போராடும் சிறுமி, கை கொடுங்கள்" என்று தலைப்பு வைக்காதீர்கள். அதை அந்தப் பொண்ணும் படிப்பாள். நேராக, அளவாக எழுதினால் போதும். ஒரு மாதிரி தருகிறேன், மாற்றிக்கொள்ளுங்கள்:

"என் அண்ணன் மகளுக்கு 16 வயது. நிறையப் பேசுவாள், நன்றாகப் படம் வரைவாள். போன மாதம் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று உறுதியானது. உடனே தொடங்கினால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஆறு மாதச் சிகிச்சைக்கு இவ்வளவு ஆகும். காப்பீட்டில் இவ்வளவு வருகிறது, குடும்பம் இவ்வளவு புரட்டிவிட்டது. மீதி இவ்வளவு, இந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும். பணம் நேராக மருத்துவமனைக்குப் போகிறது, எஸ்டிமேட்டை இணைத்திருக்கிறேன். அவளுடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எது கேட்க வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடுங்கள்."

குடும்பம் தன் பங்கைப் போட்டுவிட்டது என்ற வரி முக்கியம். மருத்துவர் சொல்லாத நம்பிக்கையையும் சொல்லாத ஆபத்தையும் சேர்க்காதீர்கள்.

ஜனங்கள் சந்தேகப்பட்டால் கோபப்படாதீர்கள், அதற்குக் காரணம் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் வீடில்லாத ஒருவருக்கு உதவி என்று சொல்லி ஒரு ஜோடி 4 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள். அடுத்த வருடம் அந்தக் கதையே ஜோடித்தது என்று தெரிந்து வழக்காகி, கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள்தான் இப்படிப்பட்டவற்றுக்கு விலை கொடுக்கிறார்கள். கேட்பதற்கு முன்பே ஆதாரத்தைக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

படி 6: முதல் இருபது பேர்

பொதுவெளியில் போடுவதற்கு முன்னால், உங்கள் குடும்பத்தை நன்றாகத் தெரிந்த இருபது பேர் பட்டியல் ஒன்று போடுங்கள். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டுப் பேசுங்கள். குழுவில் போட்ட செய்தியைப் பார்க்கிற ஒவ்வொருவரும் வேறு யாராவது கொடுப்பார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்படி இருக்க முடியாது. "முடிந்ததைக் கொடுங்கள், முடியாவிட்டால் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்த ஐந்து பேரிடம் நீங்களே உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கோரிக்கை முதலாவதைவிடப் பெரியது, ஏனென்றால் தெரிந்தவர் ஒருவர் "இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும்" என்று சொல்வதற்கு நிகராக எந்த போஸ்டரும் நிற்காது. முதல் இருபது பேர் கொடுத்த பிறகு பக்கத்தைப் பொதுவில் விட்டால், வருகிறவருக்கு ஏற்கெனவே ஆட்கள் நிற்பது தெரியும்.

அப்புறம்தான் பழைய மாணவர் குழு, அலுவலகம், சங்கம் எல்லாம். பிள்ளையின் பள்ளியில் கேட்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்ய வேண்டும்.

பணம் கொடுக்க முடியாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். கீமோ எடுக்கும் பிள்ளைக்கு, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) அடிக்கடி தேவைப்படலாம், தானமாகப் பெற்ற தட்டணுக்களை 5 முதல் 7 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, அதனால் கூப்பிட்டால் வரக்கூடிய ஆட்களின் பட்டியல் பெரிய உதவி. எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றால், கூடப் பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்புதான், பொருந்தாவிட்டால், மஜ்ஜை தர முன்வந்தவர்களின் கொடையாளர் பதிவேட்டிலும் தேட வேண்டியிருக்கும், அதில் பெயர் பதியச் சொல்லுங்கள். மருத்துவமனைக்கு வண்டியில் கொண்டுவிடுவது, வீட்டில் இருக்கும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் காசாகக் கணக்கிட்டால் பெரிய தொகை வரும்.

படி 7: வந்த பணத்துக்குக் கணக்கு

முதல் நாளிலிருந்தே ஒரு எக்செல் தாளோ நோட்டுப் புத்தகமோ வைத்துக்கொள்ளுங்கள்: தேதி, யார், எவ்வளவு, எதற்குச் செலவானது, பில் எண். கொடுத்த ஒவ்வொருவருக்கும் அன்றே ஒரு நன்றி. வாரத்துக்கு ஒருமுறை, வந்தது இவ்வளவு, கட்டியது இவ்வளவு, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று மூன்று நாலு வரி. உடல்நிலை பற்றி எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டு எழுதுங்கள். மோசமான வாரத்தில் "இந்த வாரம் கஷ்டமாக இருக்கிறது, நினைத்துக்கொள்ளுங்கள்" என்று போட்டால் போதும்.

கவனிக்க வேண்டியவை

பக்கம் பரவத் தொடங்கியதும் ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். முன்பணம் கொடுத்தால் லட்சம் பேரிடம் கொண்டுபோகிறேன் என்பவர், பெரிய நன்கொடை அனுப்ப ஓடிபி கேட்பவர், உங்கள் படத்தையும் எழுத்தையும் எடுத்துத் தன் க்யூஆர் கோடைச் சேர்த்துப் பரப்புபவர். கணக்கு விவரம் ஒரே இடத்தில் இருக்கட்டும், சரிபார்க்க ஒரு போன் எண் இருக்கட்டும், போலியைக் கண்டால் உடனே தளத்திலும் சைபர் காவல் பிரிவிலும் புகார் கொடுங்கள்.

முடிக்கும்போது

தொகை கிடைத்துவிட்டால் வாங்குவதை அன்றே நிறுத்துங்கள். மீதி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும்: தொடர் சிகிச்சைக்கு வைத்துக்கொள்வோம், அதற்கும் மேல் இருந்தால் அதே மருத்துவமனையில் இன்னொரு பிள்ளையின் பில்லுக்குக் கட்டுவோம், என்கிற மாதிரி. சிகிச்சை கைகொடுக்காமல் போனாலும் இதே ஏற்பாடுதான் குடும்பத்தைக் காப்பாற்றும், அந்த நேரத்தில் யாரும் அவர்களிடம் கணக்குக் கேட்டு நிற்கக்கூடாது, கணக்கைப் பார்த்துக்கொண்ட அந்த இரண்டாவது ஆளே எல்லோருக்கும் பதில் சொல்லட்டும். பழைய செய்தி எங்கெங்கோ சுற்றிக்கொண்டே இருக்கும், மாதக்கணக்கில் பணம் வந்தபடி இருக்கும். அதனால் இதற்கென்று திறந்த வங்கிக் கணக்கை எல்லா பில்லும் முடிந்ததும் மூடிவிடுங்கள், மூடிய தேதியைப் பக்கத்தின் முதல் வரியில் போடுங்கள், அதற்குப் பிறகு கூப்பிடுகிறவர்களுக்கு மருத்துவமனையின் சமூகப் பணியாளர் எண்ணைக் கொடுங்கள்.