உங்கள் தெரு மாறுவதற்குள் அதைப் பதிந்து வைப்பது எப்படி

தினமும் நடக்கிற தெருவில் ஒருநாள் ஒரு கடை காணாமல் போயிருக்கும். ஷட்டர் இறங்கிக் கிடக்கும், இல்லையென்றால் உள்ளே யாரோ சுவரை இடித்துக்கொண்டிருப்பார்கள். நின்று யோசித்தால் அங்கே முன்னால் என்ன இருந்தது என்பதே சட்டென்று நினைவுக்கு வராது. எனக்கு இது ஒரு பூட்டு சாவிக் கடை விஷயத்தில் நடந்தது. பதினோரு வருடம் அதைத் தாண்டித்தான் போய் வந்தேன், இரண்டு முறை அங்கே மாற்றுச்சாவி போட்டிருக்கிறேன், ஆனால் கடை போன பிறகு போனில் தேடினால் ஒரு படம்கூட இல்லை. எதற்கோ எடுத்த வேறொரு படத்தின் ஓரத்தில் அந்தக் கடையின் போர்டு பாதி தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் தெருவை முறையாகப் பதிய ஆரம்பித்தேன். இதற்குப் பெரிய கேமரா வேண்டாம், படிப்பும் வேண்டாம். சில பழக்கங்கள் போதும், அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த மாற்றத்துக்கு ஜென்ட்ரிஃபிகேஷன் என்று பெயர், 1964-இல் லண்டனைப் பற்றி எழுதும்போது ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர் உருவாக்கிய சொல். உழைப்பாளிகள் குடியிருந்த பகுதிகளில் வசதியானவர்கள் வீடு வீடாக வாங்கிக் குடியேற, பழைய ஆட்கள் கட்டுப்படியாகாமல் வெளியேறியதை அவர் கவனித்தார். 1979-இல் நீல் ஸ்மித் என்ற புவியியலாளர் இதன் கணக்கை விளக்கினார்: ஓர் இடம் இப்போது ஈட்டித் தருகிற வாடகைக்கும், அதையே புதுப்பித்தாலோ இடித்துக் கட்டினாலோ கிடைக்கக்கூடிய வாடகைக்கும் நடுவே இடைவெளி பெருத்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் முதலீடு உள்ளே பாயும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேமராவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று இதிலிருந்தே தெரிந்துவிடுகிறது. பூச்சு உதிர்ந்தாலும் குழாய் ஒழுகினாலும் உரிமையாளர் கண்டுகொள்ளாத கட்டடம், பழைய வாடகைதாரர்களுக்கு நீண்ட ஒப்பந்தம் போடாமல் மாதாமாதம் இழுத்துக்கொண்டிருக்கிற கட்டடம், இவைதான் பெரும்பாலும் அடுத்து மாறுகின்றன. அங்கிருந்து தொடங்குங்கள். ‘கடையை மூடுகிறோம்’ என்ற அட்டை தொங்கிய பிறகு ஓடினால் காலி அலமாரிகள்தான் கிடைக்கும்.

பகுதி முழுவதையும் எடுக்க நினைக்காதீர்கள், இரண்டாவது மாதமே விட்டுவிடுவீர்கள். இருநூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு தெரு, இரண்டு பக்கமும், போதும். அதில் எட்டு அல்லது பத்து நிலையான இடங்களைத் தேர்ந்தெடுத்து, எங்கே நிற்க வேண்டும் என்பதை நோட்டில் எழுதிவிடுங்கள்: மூன்றாவது விளக்குக் கம்பத்தில் முதுகைச் சாய்த்து எதிர்ச் சாரியைப் பார்த்து, என்பது போல. எதை வைத்து நிற்கிறீர்களோ அது சீக்கிரம் போகாத பொருளாக இருக்கட்டும். நான் ஒரு மரத்தை வைத்திருந்தேன், நடைபாதையை அகலப்படுத்தியபோது அதை வெட்டிவிட்டார்கள், அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க ஒரு மதியம் முழுக்கப் போனது. படத்தை ஜூம் செய்யாமல், ஒவ்வொரு முறையும் நெஞ்சுயரத்தில் போனைப் பிடித்து எடுங்கள். கடையோடு அதன் முன்னால் இருக்கிற நடைபாதையும் மேலே முதல் மாடி ஜன்னலும் சட்டகத்துக்குள் வர வேண்டும்.

ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதன் பலன் என்ன என்று தெரிய, கமிலோ ஹோசே வெர்காராவின் படங்களைப் பாருங்கள். சிலியில் பிறந்தவர், 1970-களிலிருந்து அமெரிக்க நகரங்களின் ஏழைப் பகுதிகளில் அதே மூலைகளுக்குத் திரும்பப் போய் எடுத்துக்கொண்டே இருந்தார். நியூயார்க்கின் ஹார்லெமில் 125-ஆவது தெருவில் ஒரே ஒரு கடை முகப்பை 1977 முதல் பல பத்தாண்டுகள் படமெடுத்திருக்கிறார். முதல் படத்தில் இரவு விடுதி, பிறகு ஒரு காலத்தில் சிகரெட் கடை, இன்னொரு காலத்தில் மெத்தைக் கடை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சாதாரணப் படங்கள்தான். வரிசையாக வைத்தால் அந்தத் தெருவுக்குள் யாருடைய பணம் எப்போது வந்தது என்று படிக்க முடிகிறது. நம் படங்களும் சாதாரணமாகவே இருக்கட்டும். அழகான வெளிச்சத்துக்காகக் காத்திருப்பது, பழைய சுவரை மட்டும் நெருக்கமாக எடுப்பது, இதெல்லாம் இந்த வேலைக்கு ஆகாது.

அழகான கட்டடத்தை மட்டும் எடுப்பதும் கூடாது. நியூயார்க் நகர நிர்வாகம் சொத்து வரிக்காக 1939 முதல் 1941 வரை ஊரிலிருந்த கட்டடங்கள் ஒவ்வொன்றையும் படமெடுத்தது, கலை நோக்கமே கிடையாது, வரிசையாக எல்லாவற்றையும் எடுத்தார்கள். இன்று தன் தாத்தா கடை வைத்திருந்த இடத்தைத் தேடுகிறவருக்கு அந்தப் படங்கள்தான் கைகொடுக்கின்றன. உங்கள் இருநூறு மீட்டரிலும் காலி மனை, கார் நிறுத்துமிடம், எதுவும் எழுதாத சுவர் உட்பட எதையும் விடாதீர்கள்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது சரியான இடைவெளி. ஆனால் ஒவ்வொரு முறையும் நான்கு நேரத்தில் போக வேண்டும்: வேலை நாளில் கடைகள் திறக்கிற நேரம், மதியம், மாலை, அப்புறம் விடுமுறை நாளின் இரவு. இரவை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் இரவு ஒன்பது மணிக்கு எத்தனை ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று எண்ணுங்கள். தொடர்ந்து நான்கு முறை எண்ணியும் பாதி ஜன்னல் இருட்டாகவே இருந்தால், அந்த வீடுகள் குடியிருக்க வாங்கப்பட்டவையா என்ற கேள்வி தானாக வரும்.

இனி, நெருங்கிப் போய்ப் பார்க்க வேண்டியவை. எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது வாசலில் இருக்கிற அழைப்புமணிப் பலகைதான். நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் ஆறு பொத்தான்கள் இருந்தன, ஆறு பெயர்கள், அதில் ஒரு பெயர் பேனாவால் எழுதி செலோடேப் ஒட்டியது. அடுத்த முறை போனபோது இரண்டு பெயர்கள் அழிந்து எண்கள் மட்டும் இருந்தன, கதவுக் கம்பியில் நம்பர் போட்டுத் திறக்கிற ஒரு சின்னச் சாவிப்பெட்டி தொங்கியது, அதாவது சில நாட்களுக்கு மட்டும் தங்க வருகிறவர்களுக்கு வீடு விட ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் ஒன்றரை வருடம் கழித்துப் பலகையே புதிதாகிவிட்டது, பளபளவென்று, கேமரா வைத்த ஒரே ஒரு பொத்தான். ஆறு குடும்பங்கள் இருந்த கட்டடம் ஒரே வீடாகிவிட்டது. வெளிச்சுவர் மட்டும் அப்படியே இருந்தது, தெருவில் போகிற யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அந்த செலோடேப் ஒட்டிய பெயரை நான் படத்தில் வைத்திருக்கிறேன் என்பதில் எனக்கு இன்னமும் ஒரு நிம்மதி இருக்கிறது.

அடுத்தது போர்டுகள். கடை கைமாறும்போது பழைய போர்டைக் கழற்றிப் புதியதை மாட்டுவதற்குள் ஓரிரு நாள் இடைவெளி இருக்கும், அந்த நாளில் அடியில் கையால் எழுதிய இன்னும் பழைய எழுத்து சுவரில் வெளிப்படலாம். உடனே எடுத்துவிடுங்கள், மறுநாள் வர்ணம் பூசிவிடுவார்கள். எழுதியிருக்கிற தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்று எண்ணிப் பாருங்கள், எண்களில் இலக்கம் கூடிய வருடம் தெரிந்தால் போர்டின் வயதை ஏறக்குறைய சொல்லிவிடலாம். எந்த மொழியில் எழுதியிருக்கிறது, விலை வெளியே எழுதிப் போட்டிருக்கிறதா, கடன் கிடையாது என்று எழுதியிருக்கிறதா, இவையெல்லாம் அந்தக் கடை யாரை எதிர்பார்த்து நடக்கிறது என்பதைக் காட்டும். உட்காரும் பெஞ்சையும் மறக்காதீர்கள். பெஞ்சு இருந்ததா, நடுவில் கைப்பிடி வைத்து யாரும் படுக்க முடியாதபடி செய்திருக்கிறார்களா, மொத்தமாக எடுத்துவிட்டார்களா.

படத்தோடு ஓர் அட்டவணையும் வேண்டும். கதவு எண், கடை பெயர், என்ன தொழில், திறந்திருக்கிறதா, தேதி, அவ்வளவு போதும். தொழிலை நான் நான்கே வகையாகப் பிரிக்கிறேன்: அன்றாடத் தேவை, பழுது பார்ப்பது, பொழுதுபோக்கு, காலி. இதில் பழுது பார்க்கிற கடைகளைத் தனியாக எண்ணச் சொல்வேன். செருப்பு தைக்கிறவர், கடிகாரம் சரிசெய்கிறவர், தையல்காரர், சைக்கிள் கடை, இவர்களுக்கெல்லாம் வருமானம் கொஞ்சம், இடம் சின்னது, வாடகை ஏறினால் தாங்குகிற சக்தியும் கொஞ்சம்தான். என் தெருவில் மற்ற எதற்கும் முன்னால் குறைந்தது இந்த எண்ணிக்கைதான். உங்கள் தெருவில் வேறு மாதிரி வரலாம், எண்ணினால்தான் தெரியும். மாற்றம் எல்லாமே கெடுதல் என்று முடிவு கட்டிக்கொண்டும் போகாதீர்கள், நல்ல விளக்கு வந்திருந்தால், சாக்கடை மூடப்பட்டிருந்தால், அதையும் அதே அக்கறையோடு எழுதுங்கள்.

ஆட்களை எண்ணுவது சுலபம். ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கடந்து போகிறவர்கள் எத்தனை பேர், நிற்கிறவர்கள் எத்தனை பேர், உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கோடு போடுங்கள். 1970-களில் நகர வாழ்க்கையை ஆராய்ந்த வில்லியம் வைட் என்பவர் நியூயார்க்கில் கேமராக்களை மாட்டி வைத்து இப்படித்தான் தெருவைப் படித்தார். தெருவில் சந்தித்துக்கொள்கிறவர்கள் ஓரமாக ஒதுங்கிப் பேசுவார்கள் என்றுதான் நாம் நினைப்போம், கூட்டம் நடக்கிற வழியின் நடுவிலேயே நின்று பேசுகிறார்கள் என்பது அவர் கண்டது. நிற்கிறவர்களின் எண்ணிக்கையை விடாமல் குறியுங்கள். கடந்து போகிறவர்கள் கூடி, நிற்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தால், அந்தத் தெரு வேறு விதமாகப் புழங்க ஆரம்பித்துவிட்டது.

கடைக்காரர்களிடம் பேசும்போது முதல் நாளே ரெக்கார்டரை நீட்டாதீர்கள். போய் ஏதாவது வாங்குங்கள், எதையாவது பழுது பார்க்கக் கொடுங்கள், மூன்றாவது முறை கேளுங்கள். ‘இந்த இடம் மாறிவிட்டதா?’ என்று கேட்டால் ‘ஆமாம், எல்லாம் மாறிவிட்டது’ என்றுதான் பதில் வரும், அதில் ஒன்றுமில்லை. சின்னதாகக் கேளுங்கள்: இந்தக் கடைக்குச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது? நீங்கள் வெளியே போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? போன வாரம் வந்தவர்களில் எத்தனை பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள்? முன்னால் இந்தக் கவுண்டர் எந்தப் பக்கம் இருந்தது? வாடகையை நீங்களாகக் கேட்காதீர்கள், நம்பிக்கை வந்தால் அவர்களே சொல்வார்கள், சொன்னாலும் அனுமதியில்லாமல் வெளியே விடாதீர்கள்.

தாமதமாகத் தொடங்கியவர்களுக்கும் வழி இருக்கிறது. கூகுள் ஸ்ட்ரீட் வியூ 2007-இல் தொடங்கியது, 2014 முதல் பழைய வருடங்களின் படங்களையும் பார்க்க விடுகிறார்கள், உங்கள் தெருவுக்கு எந்தெந்த வருடம் இருக்கிறது என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கடையை யார் எப்போது சேர்த்தார்கள், எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு தங்கியிருக்கும். பழைய தொலைபேசிப் புத்தகங்கள், நூலகத்தில் இருக்கிற நகர வரைபடங்கள், அக்கம்பக்கத்தாரின் கல்யாண ஆல்பங்கள், எல்லாவற்றிலும் பின்னணியில் தெரு இருக்கும்.

சேமிப்பதில் ஒரு விஷயம் முக்கியம். படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிச் சேகரித்தால் தரம் குறைவதோடு, படத்துக்குள் பதிந்திருக்கிற நேரமும் இடமும் போய்விடும். மூலக் கோப்பையே எடுத்து வையுங்கள். கோப்பின் பெயரிலேயே தேதியும் இடத்தின் எண்ணும் இருக்கட்டும், வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள், அப்போதுதான் தானாக வரிசையாகும். வேறு வேறு இடத்தில் இரண்டு பிரதி.

யாருக்கும் கெடுதல் வராமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. அனுமதியில்லாமல் நடைபாதையில் விற்கிறவர் எத்தனை மணிக்கு எங்கே நிற்கிறார் என்ற குறிப்பு உங்களுக்கு வெறும் பதிவு, அவருக்கு அது பிழைப்பையே பறிக்கிற தகவலாகிவிடலாம். அதை வெளியிடவே வெளியிடாதீர்கள். வீட்டு வாசலில் குழந்தைகள் இருந்தால் காத்திருந்து எடுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அவர் எதிரிலேயே அழித்துவிடுங்கள்.

இந்தப் பதிவு நடைமுறையிலும் உதவும். சான் ஃபிரான்சிஸ்கோவில் நீண்ட காலம் நடக்கிற கடைகளுக்கென்று ஒரு பதிவேடு இருக்கிறது, 2015-இல் அதற்கு உதவி நிதி தர வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். அதில் சேர, கடை எத்தனை வருடமாக நடக்கிறது, அந்தப் பகுதிக்கு என்ன செய்திருக்கிறது என்று காட்ட வேண்டும். அப்படி ஓர் ஏற்பாடு உங்கள் நகரத்தில் வரும் நாளில், அல்லது ஒரு குடியிருப்போர் கூட்டத்தில் ‘இங்கே அப்படி ஒரு கடையே இருந்ததில்லை’ என்று யாராவது சொல்லும்போது, தேதி போட்ட படம் பேசும்.

கடைசியாக, எடுத்த படத்தை அச்சடித்துக் கடைக்காரர்களுக்கே கொடுங்கள். நான் தையல்காரரிடம் ஒன்று கொடுத்தேன். கடை முகப்பைத்தான் எடுத்திருந்தேன், அவர் அதைக் கண்ணாடிக்குக் கிட்டே பிடித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் முதுகு மட்டும் தெரிகிற ஒருவரை விரலால் தொட்டுக் காட்டி, இருபது வருடமாகக் காலையில் வந்து பேப்பர் படித்துவிட்டுப் போகிறவர், ஒரு சட்டைகூடத் தைத்ததில்லை, இப்போது வருவதில்லை என்றார். படத்தைத் திருப்பி, பின்பக்கம் அந்தப் பேப்பர் படிக்கிறவரின் பெயரை எழுதச் சொல்லி என்னிடமே கொடுத்தார். எழுதினேன். இன்னொரு பிரதியிலும் எழுதித் தையல்காரரிடம் வைத்துவிட்டு வந்தேன்.