அசனப் பந்தியில் பிளாஸ்டிக்கை நிறுத்துவது எப்படி? வாலிபர் சங்கங்களுக்கு

சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் மாற்றம் வேண்டும் என்று கிளம்பும் வாலிபர்கள் முதலில் கைவைப்பது ஆராதனையில்தான். பழைய கீர்த்தனையைக் குறைத்து கோரஸ் (சின்னச் சின்னப் புதுப் பாட்டு) என்றதும் பாதிச் சபை எதிரே நிற்கும். அதைவிட அசனப் பந்தியில், அதாவது பண்டிகையில் சபையார் எல்லோருக்கும் போடும் பொது விருந்தில், தொடங்குங்கள். அங்கே ஓடியாடிப் பரிமாறுவது எப்படியும் நீங்கள்தான். சட்டமும் உங்கள் பக்கம்: பிளாஸ்டிக் தம்ளர், கேரி பேக், உள்ளே பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை.

பண்டிகைக்கு மூன்று மாதம் முன்பே பொருளாளரிடம் போன வருஷ அசனக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். கப், பை, ஃபிளெக்ஸ், குப்பை அள்ளிய கூலி நான்கையும் தனியே கூட்டி, ஒரு பக்கக் கடிதமாகச் சபைப் போதகரான சேகரகுருவிடம் கொடுத்துப் பேசுங்கள். முன்கூட்டிச் சொல்லாமல் கமிட்டியில் எழுந்தால், மனதுக்குப் பிடித்திருந்தாலும் அவர் மறுக்கவே பார்ப்பார். கமிட்டியிலுள்ள பெரியவர் ஒருவர் முன்மொழியட்டும். ‘இந்த ஒரு வருஷம் மட்டும்’ என்று கேளுங்கள். தீர்மானம் மினிட் புத்தகத்தில் ஏற வேண்டும். சேகரகுருவுக்கு மாற்றல் வந்தால் வாய்ப்பேச்சு அவரோடு போய்விடும்.

ஆயிரம் பேர், பந்திக்கு 200 பேர் என்றால் 450 எவர்சில்வர் தம்ளர் போதும்: 200 பந்தியில், 200 கழுவுமிடத்தில், மீதி கைக்காவலுக்கு. கறிக்குழம்புக் கையோடு பிடிப்பதால் தம்ளரில் பிசுக்கு ஏறும், பச்சைத் தண்ணீரில் போகாது. மூன்று தொட்டி வையுங்கள்: சோப்புக் கலந்த வெந்நீர், பிறகு இரண்டு அலசல். வெந்நீரைப் பந்திக்குப் பந்தி மாற்றுங்கள். கழுவ ஆறு பேர் வேண்டும். அந்த வேலையைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலையில் கட்டினால் அடுத்த வருஷம் உங்களுக்குக் கை தூக்க ஆளிருக்காது.

எதிர்ப்பு உண்மையில் பிளாஸ்டிக்குக்காக வராது. உபயம் தந்தவர் பெயர் ஃபிளெக்ஸில் வராதே என்பதுதான் சங்கடம். பத்துத் தம்ளருக்கு ஒரு குடும்பம் என்று கேளுங்கள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்கள். 45 குடும்பம் சேர்ந்தால் தம்ளர் செலவு முடிந்தது. ஃபிளெக்ஸுக்குப் பதில் துணி பேனர். அதில் வருஷத்தைப் போடாதீர்கள், அடுத்த பண்டிகைக்கும் கட்டலாம்.

பெரும்பாலும் கோட்டை விடுவது பார்சலில். வீட்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு அசனச் சோறு போயே ஆக வேண்டும். தூக்குவாளி கொண்டுவரச் சொல்லி முந்தின மூன்று ஞாயிறும் அறிவிப்பில் வாசிக்க வையுங்கள். மறந்து வருபவர்களுக்குச் சோற்றை இலையில் கட்டிவிடலாம், குழம்பை முடியாது. முப்பது தூக்கு இரவல் வாங்கி வைத்து, பெயரும் போன் நம்பரும் எழுதிக்கொண்டு கொடுங்கள்.

எச்சில் இலையை எலும்பு நீக்கிக் கொடுத்தால் மாடு வளர்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கவர் கலந்திருந்தாலும் தொடமாட்டார்கள். தம்ளரை எண்ணிப் பூட்டிவிட்டு, செலவுக் கணக்கை அடுத்த கமிட்டியில் வாசியுங்கள். புதுக் கோரிக்கை எதையும் அதே கூட்டத்தில் வைக்க வேண்டாம்.