உழாமல் உளுந்து: சம்பா அரிதாளில் இயற்கை முறைப் பயறு

சம்பா, தாளடிப் பருவ நெல் அறுவடைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கிற நெல்லுக்குள் உளுந்தைத் தெளித்துவிடுவது காவிரிப் படுகையில் பழைய வழக்கம். ஏர் கிடையாது, டிராக்டர் கிடையாது, தனியாகப் பாசனமும் கிடையாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு மண்ணில் தங்கிய ஈரமும் தை, மாசிப் பனியும்தான் பயிருக்குத் தண்ணீர். உழவில்லா வேளாண்மை என்று இப்போது கருத்தரங்கில் பேசுவதை தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பெயர் வைக்காமலே செய்துவந்திருக்கிறார்கள். களைக்கொல்லியும் டி.ஏ.பி. என்ற ரசாயன உரக் கரைசலும் இல்லாமல் இதை எடுப்பது எப்படி, எந்த இடத்தில் பிசகும் என்பதைப் பார்ப்போம்.

உழாத நிலத்துக்கு உளுந்து ஏன் ஒத்துவருகிறது

உழவைக் குறைத்தால் மண் தேறும். ஆனால் இயற்கை முறையில் எல்லாப் பயிரும் அதைத் தாங்காது. சுவிட்சர்லாந்தில் ஃப்ரிக் என்ற ஊரில் இயற்கை வேளாண்மை ஆராய்ச்சி நிறுவனம் 2002-ல் ஒரு நீண்டகாலச் சோதனையைத் தொடங்கியது. நம் படுகை போலவே கனமான களிமண். புரட்டிப் போடும் கலப்பையை விட்டுவிட்டு மேலாகக் கிளறி மட்டும் பயிர் வைத்த பாத்திகளில், மூன்று ஆண்டுகளில் மேல் 10 செ.மீ. மண்ணின் கரிமச்சத்து சுமார் 7 சதவீதம் கூடியது. அதே பாத்திகளில் தொடக்கத்தில் எடுத்த கோதுமை மகசூல், உழுத பாத்தியைவிட 14 சதவீதம் குறைவு. காரணம் எளிது. உழுதால் மண்ணுக்குள் காற்று புகுந்து மட்கு வேகமாகச் சிதையும், தழைச்சத்து சட்டென்று வெளிவரும். உழாத மண் அதை நிதானமாகத்தான் விடும். கோதுமைக்குப் பக்கக் கிளைகள் (தூர்) வெடிக்கும் பருவத்தில் தழைச்சத்து வேண்டும். குளிர்ந்த மண்ணில் அந்த நேரத்துக்கு அது வந்து சேராது. ரசாயன விவசாயி யூரியா போட்டுச் சரிக்கட்டிவிடுவார், இயற்கை விவசாயிக்கு அந்த வழியில்லை.

உளுந்துக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. தனக்கு வேண்டிய தழைச்சத்தில் பெரும்பங்கை வேர் முடிச்சிலேயே செய்துகொள்கிறது. மிச்சம் இருக்கிற எதிரி களை. அதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

நெல் எடுத்த மண்ணின் நிலை

சேற்றுழவில் மண்ணின் குருணைக் கட்டு, அதாவது துகள்கள் ஒட்டிச் சேர்ந்த அமைப்பு, முழுக்கக் கரைந்துபோகிறது. நெல்லுக்கு அது தேவை, தண்ணீர் நிற்க வேண்டுமே. ஆனால் 15 முதல் 25 செ.மீ. ஆழத்தில் ஒரு கெட்டிப் படுகை உருவாகிறது. அறுவடை முடிந்ததும் அரை ஈரத்தில் ரொட்டவேட்டரை விட்டால் மேலே கல் மாதிரிக் கட்டி, கீழே அதே கெட்டிப் படுகை. கட்டிகளின் இடுக்கு வழியே இரண்டே நாளில் ஈரம் போய்விடும். விதை மண்ணோடு ஒட்டாது. 'அகல உழுவதிலும் ஆழ உழு' என்ற சொல்லை இந்த இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். மழைத் தண்ணீரை உள்ளே வாங்க வேண்டிய மானாவாரி நிலத்துக்கு அது நல்ல யோசனை. இங்கே நம் வேலை இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் வைத்திருப்பது.

உழாமல் விட்டால் நெல்லின் பழைய வேர் மட்கும் தடங்கள் அப்படியே இருக்கும். உளுந்தின் ஆணிவேர் அந்த வழியாக இறங்கும். நின்ற நெல் தாள் (அரிதாள்) நிழல் கொடுத்து வெடிப்பு விடுவதைத் தள்ளிப்போடும். வெடிப்பு சாதாரண விஷயமில்லை. களிமண் வாய் பிளக்கும்போது பக்க வேர்களை அறுத்துக்கொண்டே போகும்.

மடையை அடைப்பதிலிருந்து தெளிப்பு வரை

வேலை உண்மையில் சம்பா நடவிலேயே தொடங்குகிறது. உளுந்துக்குத் தனியாக எருவைக் கலக்க வழியில்லை என்பதால், ஏக்கருக்கு 5 டன் மட்கிய தொழுவுரத்தை நெல்லுக்கு அடியுரமாகவே கொடுத்துவிட வேண்டும். அதன் மிச்சத்தில்தான் உளுந்து வளரும். சமப்படுத்தலும் அப்போதே. பள்ளமான மூலையில் விதை அழுகும், மேட்டில் விதை காயும். ஒரே வயலில் இரண்டும் நடந்தால் விதைப்பு நாளைப் பழிசொல்லிப் பயனில்லை.

அறுவடைக்கு சுமார் 15 நாள் முன்பு மடையை அடைத்து வடிகாலைத் திறந்துவிடுங்கள். வரப்போரம் ஒரு மண்வெட்டி அகலத்துக்கு வாய்க்கால் இழுத்து வைப்பது நல்லது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பருவம் தவறிப் பெய்த மழை டெல்டாவில் என்ன செய்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். முளைத்த உளுந்து ஒரு நாள் தண்ணீரில் நின்றாலே மஞ்சளிக்கும்.

அடுத்து பதம். மெழுகுப் பதம் என்பார்கள். வயலின் நடுவில் இறங்கி வெறுங்காலை அழுத்தி எடுங்கள். தடம் தெளிவாகப் பதிய வேண்டும். தடத்தில் தண்ணீர் ஊறக்கூடாது, பாதத்தில் சேறு அப்பிக்கொண்டு வரக்கூடாது. கையில் ஒரு பிடி எடுத்து உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரல் பளபளப்பாக இருக்க வேண்டுமே தவிர ஈரமாகக் கூடாது. தடத்தில் தண்ணீர் ஊறினால் இரண்டு நாள் பொறுங்கள். தடமே பதியவில்லை என்றால் காலம் கடந்துவிட்டது. அந்த வயலில் உளுந்தைத் தூவுவது எறும்புக்கும் புறாவுக்கும் போடுவதுதான். கடைசி மடைத் தண்ணீர் கிடைக்கும் ஊரில் ஒருமுறை ஈரம் காட்டி, பதம் வந்ததும் தெளிக்கலாம்.

விதை அளவு ஏக்கருக்கு 12 கிலோ, அதாவது ஒரு மா நிலத்துக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 4 கிலோ. இது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 70 விதை. நமக்கு வேண்டியது சதுர மீட்டருக்கு 33 செடி. பாதிக்குமேல் போய்விடும் என்று கணக்குப் போட்டே இந்த அளவு வைத்திருக்கிறார்கள். 8 கிலோவில் மிச்சம் பிடித்தவர் வயலில் இடைவெளி முழுக்கக் களைதான் இருக்கும். ரகத்தில் ஆடுதுறை 3 நெல் தரிசுக்கென்றே, அதாவது நெல் எடுத்த நிலத்துக்கென்றே வந்த பழைய கை, ஆனால் மஞ்சள் தேமல் நோய்க்குத் தாங்காது. மருந்தடிக்க மாட்டோம் என்று முடிவெடுத்தவர்கள் வம்பன் 8 போன்ற தேமல் தாங்கும் ரகத்தைப் பார்ப்பதே மேல்.

விதை நேர்த்தியில் வரிசை முக்கியம். முதலில் நோய் தடுக்கும் நுண்ணுயிர்: கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ். அது முடிந்த பின், ஏக்கர் விதைக்கு நுண்ணுயிர் உரம்: வேர் முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் ஒரு பொட்டலம், மணிச்சத்தைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா ஒரு பொட்டலம், தலா 200 கிராம். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். கஞ்சி சூடாக இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். வெயிலில் காயப்போட்டாலும் அப்படித்தான். நேர்த்தி செய்த அன்றே தெளித்துவிட வேண்டும்.

தெளிப்பைப் பனி முழுக்க உலர்ந்த பின், பிற்பகலில் வையுங்கள். காலையில் தெளித்தால் ஈர நெல் இலையிலும் தோகை இடுக்கிலும் விதை ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அறுவடையில் நெல்லோடு போகும். விதையை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றைக் கிழக்கு மேற்காகவும் மற்றதைத் தெற்கு வடக்காகவும் வீசினால் திட்டுத்திட்டாக விழாது.

அறுவடை இயந்திரம் என்ற தலைவலி

கை அறுவடைக்கு ஏழு, பத்து நாள் முன் தெளிக்கலாம். ஆட்கள் நடந்தாலும் நாற்று நிமிர்ந்துவிடும். இயந்திரம் வருவதாக இருந்தால் அந்தக் கணக்கு உதவாது. இரண்டிலை விட்ட செடிமேல் வண்டி ஏறினால் தடம் முழுக்கக் காலி. அதனால் வண்டி வருவதற்கு முந்தின நாளோ, அதற்கும் முந்தின நாளோ தெளியுங்கள். முளைவிடாத விதை அழுந்தினால் கெடுதலில்லை, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். சிக்கல் என்னவென்றால் வண்டி சொன்ன நாளில் வராது. வண்டிக்காரரிடம் பேசி, பக்கத்து வயலில் வண்டி இறங்கியதைப் பார்த்த பிறகு விதையை நனைப்பதுதான் புத்திசாலித்தனம்.

டயர் வண்டியைவிடச் செயின் வண்டி மேல். டயர் மெழுகுப் பதத்தில் பள்ளம் போட்டுவிடும், அந்தப் பள்ளம் இறுகினால் அடுத்த சம்பாவரைக்கும் தெரியும். தாளை 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் அறுக்கச் சொல்லுங்கள். முழங்கால் உயரத் தாளுக்குள் முளைத்த உளுந்து வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று போய்ச் சாயும். வண்டி பின்னால் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போகும் வைக்கோலை மூன்று நாளுக்குள் உதறிப் பரப்பிவிட வேண்டும், அல்லது கட்டி எடுத்துவிட வேண்டும். ஐந்தாறு நாள் விட்டால் அதன் அடியில் முளை வெளுத்துப்போகும். மெல்லிய போர்வையாகப் பரப்புவது மண்ணுக்கு நல்லது, மாடு வைத்திருப்பவருக்குச் சங்கடம். பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விடுவது நியாயமான சமரசம். கொளுத்துவது மட்டும் வேண்டாம். முளைத்த விதையும் சேர்ந்து போகும்.

களை

உழவு இல்லாதபோது களைக்கு முதல் அடி கொடுக்க ஆளில்லை. நெல் தரிசில் வருவது பெரும்பாலும் மூன்று: சிதறிய நெல்மணி முளைத்தது, நெல்லுக்குள் ஒளிந்திருந்த புல்வகைகள், கோரை. முதல் இரண்டையும் சம்பாவிலேயே பிடிக்க வேண்டும். நெல்லில் கடைசிக் களையைக் கதிர் வருமுன் எடுத்தவர் வயலையும் எடுக்காதவர் வயலையும் மாசியில் வரப்பில் நின்று பார்த்தாலே அடையாளம் தெரியும்.

உளுந்தில் ஒரே ஒரு கைக்களை, விதைத்த 15 முதல் 20 நாளுக்குள். அதற்குப் பிறகு இலை மூடிவிடும், ஆள் இறங்கினால் செடி ஒடியும். பிடுங்கும்போது வேர்மண் பெரிதாகப் பெயராமல் பாருங்கள். பெயர்ந்த இடத்தில்தான் ஈரம் முதலில் போகும். களைக்கொத்தி போடவே வேண்டாம்.

மெல்லிய மஞ்சள் நூல் போலச் செடியைச் சுற்றும் அம்மையார் கூந்தல் கண்ணில் பட்டால், அது பிடித்திருக்கும் உளுந்துச் செடியோடு சேர்த்துப் பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். நூலை மட்டும் அறுத்துப் போட்டால் விழுந்த துண்டு அடுத்த செடியைப் பிடிக்கும். அதன் விதை உளுந்தைவிடச் சிறியது, ஆகவே விதை உளுந்தைச் சல்லடையில் சலித்து எடுப்பது முன்கூட்டிய காப்பு.

முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள்

25-ம் நாள் வாக்கில் நான்கைந்து செடியை மண்ணோடு பெயர்த்து, தண்ணீரில் மெல்ல அலசி, வேர் முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து நிலைப்படுத்தும் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு பேருக்குத்தான். ரைசோபியம் காலாவதியாகியிருக்கலாம், அல்லது மண்ணில் தண்ணீர் தேங்கிக் காற்று இல்லாமல் போயிருக்கலாம். அப்படி வெளிறிய பயிருக்குப் பூ எடுக்கும்போது ஒருமுறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 3 சதவீத பஞ்சகவ்யா, அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மி.லி., மாலையில் அடிக்கலாம். நன்றாக வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

மஞ்சள் தேமலைப் பரப்பும் வெள்ளை ஈக்கு ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறி. தேமல் கண்ட செடியைத் தொடக்கத்திலேயே பிடுங்கிவிடுங்கள். பனி அதிகமான ஆண்டில் இலையில் சாம்பல் பூக்கும். முதல் வெள்ளைப் புள்ளியிலேயே 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, பத்து நாள் கழித்து மீண்டும். 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, காதிச் சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்தால்தான் இலையில் ஒட்டும்.

அறுப்பும் அதற்குப் பிறகும்

65 முதல் 75 நாளில், பத்துக் காயில் எட்டு கறுத்ததும் அறுக்கலாம். வழக்கம் பிடுங்குவது. ஈரம் காய்ந்த களிமண்ணில் அரிவாளால் அடியில் அறுப்பது கொஞ்சம் மெனக்கெட்ட வேலைதான், ஆனால் முடிச்சும் ஆணிவேரும் மண்ணிலேயே தங்கும். இத்தனை நாள் உழாமல் சேர்த்ததைப் பிடுங்கிக் களத்துக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை. அடித்த பிறகு மிஞ்சும் சருகிலும் ஒரு பங்கு வயலுக்குத் திரும்பட்டும்.

மண் தேறுகிறதா என்று பார்க்க ஆய்வகம் வரை போக வேண்டியதில்லை. உழாத வயலிலிருந்தும் உழுத வயலிலிருந்தும் நெல்லிக்காய் அளவு காய்ந்த கட்டியை எடுத்து, இரண்டு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெல்ல விடுங்கள். ஐந்து நிமிடத்தில் பொலபொலவென்று கரைந்து தண்ணீரைக் கலக்கினால் மண்ணில் பிணைப்பு இல்லை. உருவம் கலையாமல் நின்றால் மட்கும் பூஞ்சை இழையும் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. மேல் ஐந்து செ.மீ.யில்தான் இந்த வித்தியாசம் முதலில் தெரியும். 20 செ.மீ.க்குக் கீழே ஒன்றிரண்டு ஆண்டில் மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜூனில் குறுவை நெல்லுக்குச் சேடை கலக்கும்போது, அதாவது சேற்றுழவு செய்யும்போது, இந்தக் குருணைக் கட்டில் பெரும்பகுதி உடைந்துவிடும். மிஞ்சுவது கரிமச்சத்தும் தழைச்சத்தும்தான். அதையும் காப்பாற்ற, உளுந்து எடுத்ததும் வயலை வெறுமையாகக் காயவிடாமல், கோடை மழை கிடைத்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையைப் பசுந்தாள் உரமாகப் போட்டு, பூப்பதற்கு முன் மண்ணுக்குள் மடக்கிவிடுங்கள். சேற்றுழவையும் ஒரு சால் குறைத்துப் பாருங்கள். சமமான வயலில் நெல் அதற்காகக் குறைந்துவிடாது.

கோரை மட்டும் விதிவிலக்கு. மூன்றில் ஒரு பங்கு வயலைக் கோரை பிடித்திருந்தால் உழாமலிருப்பது பிடிவாதம். அந்த ஆண்டு உளுந்துக்குப் பின் சித்திரை வெயிலில் இரண்டு முறை உழுது கிழங்கை மேலே கொண்டுவந்து காயப்போடுங்கள். அடுத்த தையில் மறுபடி உழாமல் தெளிக்கலாம்.