புது நாய்க்குட்டி வந்தாச்சா? முதல் நாளில் இருந்து பழக்கும் முறை

நாய்க்குட்டி வாங்கியதும் பலர் முதலில் சொல்லிக்கொடுக்க நினைப்பது கை கொடுப்பதையும் உருளுவதையும்தான். அதெல்லாம் ஒரு வாரத்து வேலை. எப்போது வேண்டுமானாலும் கற்றுத்தரலாம். சரியான இடத்தில் சிறுநீர் கழிப்பது, கையைக் கடிக்காமல் விளையாடுவது, கொஞ்ச நேரம் தனியாக இருக்கப் பழகுவது, இந்த மூன்றும் முதல் சில வாரங்களில் சரியாக அமைந்துவிட்டால் அப்புறம் பல வருடம் நிம்மதி. அதனால் இந்த விளக்கத்தில் பெரும்பகுதி இவற்றைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். குட்டிக்குச் சரி, தப்பு என்ற கணக்கே கிடையாது. தான் ஒன்றைச் செய்த அடுத்த ஓரிரு நொடியில் என்ன நடந்ததோ, அதை வைத்துத்தான் கற்றுக்கொள்கிறது. நல்லது கிடைத்தால் திரும்பச் செய்யும், ஒன்றும் கிடைக்காவிட்டால் மெதுவாக விட்டுவிடும். அடி விழுந்தால் உங்களைக் கண்டு பயப்படும், எதற்காக அடித்தீர்கள் என்பது அதற்குப் புரியாது. கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் இதுதான் அடிப்படை.

படி 1: குட்டி வருவதற்கு முன்

8 வாரம் முடியாத குட்டியை வாங்காதீர்கள். தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும் அந்த நாட்களில்தான், எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டி கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டிக்கு அந்தப் பாடத்தை நாம் நடத்த வேண்டிவரும், அது கஷ்டம்.

வீட்டில் தரையோடு குனிந்து ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தொங்கும் மின்கம்பி, மாத்திரை, செருப்பு, தரை துடைக்கும் திரவம் எல்லாம் அதன் வாய்க்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும். எடுத்து மேலே வையுங்கள். சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லா சூயிங்கம், இவை நாய்க்கு நஞ்சு. வேகவைத்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம், அதையும் கொடுக்கக் கூடாது.

படி 2: முதல் நாளும் முதல் இரவும்

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, அது தினமும் சிறுநீர் கழிக்கப்போகும் இடத்துக்குத் தூக்கிச்சென்று இறக்கிவிடுங்கள். போய் முடித்த பிறகு உள்ளே அழைத்து வாருங்கள். சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் அன்றைக்கே கூப்பிட வேண்டாம். இந்த வயதில் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும், தூங்கவும் வேண்டும்.

இரவில் அழும். "அழட்டும், தானாகப் பழகிவிடும்" என்று வேறு அறையில் பூட்டிவைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பிறந்ததில் இருந்து ஒரு நாள்கூடத் தனியாகத் தூங்காத உயிர் அது. அதன் படுக்கையையோ கூண்டையோ உங்கள் கட்டில் பக்கத்தில் வையுங்கள். முனகினால் கையைத் தொங்கவிட்டு மோப்பம் பிடிக்க விடுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்கவில்லை என்றால் சிறுநீர் முட்டுகிறது என்று அர்த்தம். விளக்கை அதிகம் போடாமல், பேச்சுக்கொடுக்காமல் வெளியே தூக்கிப்போய்விட்டு வந்து திரும்பப் படுக்கவையுங்கள். சில வாரம் கழித்துப் படுக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் நிரந்தர இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

படி 3: கால்நடை மருத்துவர்

வந்த ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய நோய்களுக்கான தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளியில் குறைந்தது 16 வாரம் வரை தொடரும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச்சக்தி ஊசியின் வேலையைத் தடுக்கலாம், அது எப்போது குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஒரே ஊசியோடு முடிவதில்லை. ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து இரண்டின் தேதியையும் அவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குட்டி சாப்பிடாமல் சுருண்டு படுத்து, வாந்தியோ ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கோ இருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். பார்வோ ஓரிரு நாளிலேயே உயிரை எடுத்துவிடக்கூடியது.

படி 4: சாப்பாடு

3 மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, 6 மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. முன்பு எதைச் சாப்பிட்டதோ அதையே முதலில் கொடுங்கள். மாற்றுவதாக இருந்தால் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் தினமும் ஒன்றாக இருந்தால் மலம் கழிக்கும் நேரமும் ஒன்றாகிவிடும், அடுத்த படிக்கு இது பெரிய உதவி.

படி 5: சிறுநீரும் மலமும்

இங்கேதான் பலருக்குப் பொறுமை போகிறது. பகலில் குட்டி அடக்கிக்கொள்ளும் நேரத்துக்குத் தோராயமான ஒரு கணக்கு உண்டு: எத்தனை மாத வயதோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள், அதிகபட்சம் அத்தனை மணி நேரம். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். அதுவும் சும்மா படுத்திருந்தால்தான். விழித்து ஓடியாடும்போது அரை மணிக்கு ஒருமுறைகூடப் போகும்.

ஆகவே தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சில நிமிடங்களிலும், விளையாடி முடித்ததும், படுப்பதற்கு முன்பும் தவறாமல் வெளியே கூட்டிப்போங்கள். இவற்றுக்கு நடுவே கண் அதன் மேலேயே இருக்கட்டும். விளையாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மூக்கைத் தரையில் ஒட்டி ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரும். பின்கால்கள் லேசாக மடியும். அந்த நொடியில் சத்தம் போடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வெளியே போனதும் ஒரே இடத்தில் அசையாமல் நில்லுங்கள். நீங்கள் நடந்தால் அது உங்கள் பின்னாலேயே வந்து வேலையை மறந்துவிடும். போகத் தொடங்கும்போது மெல்லிய குரலில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எந்த வார்த்தையாக இருந்தாலும் தினமும் அதே வார்த்தை. முடித்த உடனே, அங்கேயே, ஒரு துண்டு தீனி. உள்ளே வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் தீனி என்று அது எடுத்துக்கொள்ளும். அதனால் தீனி எப்போதும் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும். முடித்ததும் உடனே உள்ளே இழுத்து வராமல் இரண்டு நிமிடம் விளையாட விடுங்கள். இல்லாவிட்டால் போனால் ஆட்டம் முடிந்துவிடும் என்று கற்றுக்கொண்டு அடக்க ஆரம்பிக்கும்.

வீட்டுக்குள் போய்விட்டதா? துடையுங்கள், அவ்வளவுதான். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பதும் செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பதும் கொடுமை, பயனும் இல்லை. அடிவாங்கிய குட்டி உங்கள் முன்னால் போகக் கூடாது என்றுதான் கற்கும். அப்புறம் வெளியே எவ்வளவு நேரம் நின்றாலும் போகாது, உள்ளே வந்து சோபாவுக்குப் பின்னால் போகும். "தப்பு செய்தது தெரிந்துதானே முகத்தைத் தொங்கப்போடுகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009இல் இதைச் சோதித்துப் பார்த்தார். உரிமையாளர் திட்டியபோதுதான் அந்த முகம் வந்தது. தப்பே செய்யாத நாய்களும் திட்டு வாங்கியதும் அப்படியே முகத்தைத் தொங்கப்போட்டன. அது குற்ற உணர்ச்சி அல்ல, உங்கள் கோபத்துக்குப் பயந்த முகம்.

துடைக்க நொதி கலந்த கிளீனர் நல்லது. அமோனியா உள்ளதை வாங்காதீர்கள், அந்த வாடை சிறுநீரை நினைவூட்டி அதே இடத்துக்குத் திரும்ப வரவைக்கும்.

படி 6: கடிப்பது

எல்லாக் குட்டியும் கடிக்கும். 28 பால்பற்களும் ஊசி மாதிரி இருக்கும். 4 மாதம் வாக்கில் அவை விழத் தொடங்கி, 6, 7 மாதத்தில் 42 நிரந்தரப் பற்கள் வந்துவிடும். அதுவரை எதையாவது மென்றுகொண்டேதான் இருக்கும்.

கையை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டாதீர்கள், பொம்மையை வைத்து விளையாடுங்கள். பல் தோலில் பட்டால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, ஓடும் பொருளைத்தான் அது துரத்தும். அப்படியே உறைந்துபோய், குரல் கொடுக்காமல், பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். விட்டதும் பொம்மையை நீட்டுங்கள். திரும்பவும் கையையே பிடித்தால் எழுந்து அரை நிமிடம் அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். கடித்தால் ஆட்டம் நிற்கும் என்பது பல முறை நடந்தால்தான் மண்டையில் ஏறும். வாயைப் பிடித்து மூடுவதும் மூக்கில் தட்டுவதும் கடியை அதிகமாக்கும்.

மாலையில் திடீரென்று பைத்தியம் பிடித்தது மாதிரி ஓடி, துணியைக் கவ்வி, காலைக் கடிக்கிறதா? பெரும்பாலும் அது தூக்கக் கலக்கம். படுக்கையில் விட்டு, மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுங்கள், சில நிமிடத்தில் தூங்கிவிடும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே வேண்டாம்.

படி 7: உலகத்தைக் காட்டுவது

3 வாரத்தில் இருந்து 12, 14 வாரம் வரை, புதியவற்றைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் காலம். அது போனால் திரும்ப வராது. தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்று 16 வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் இந்தக் காலம் கைநழுவிவிடும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட அறிக்கையில், முதல் ஊசி போட்டு 7 நாள் ஆன குட்டிகளைப் பயிற்சி வகுப்பில் சேர்க்கலாம் என்றே சொன்னது. பிற நாய்கள் சிறுநீர், மலம் கழிக்கும் தரையில் மட்டும் இறக்கிவிடாதீர்கள். கையில் தூக்கிக்கொண்டே வண்டி, குடை, தொப்பி போட்டவர், தாடி வைத்தவர், தள்ளுவண்டி எல்லாம் காட்டலாம்.

வாலை இடுக்குவது, உதட்டை நக்குவது, பசியும் தூக்கமும் இல்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்புவது எல்லாம் பயத்தின் அடையாளம். உடனே தூரம் போங்கள். வீட்டில் தினமும் காது, பாதம், வாய் ஆகியவற்றைத் தொட்டுத் தொட்டுத் தீனி கொடுங்கள். பின்னாளில் நகம் வெட்டும்போது இதன் அருமை தெரியும்.

படி 8: தனியாக இருப்பது

முதல் வாரத்திலேயே தொடங்குங்கள். மென்றுகொண்டிருக்க ஏதாவது கொடுத்துவிட்டு அறையை விட்டு 10 நொடி வெளியே போய், அது அழுவதற்கு முன்பே திரும்பி வாருங்கள். அப்புறம் அரை நிமிடம், இரண்டு நிமிடம். அழுகிறது என்றால் நேரத்தை அவசரப்பட்டுக் கூட்டிவிட்டீர்கள், முந்தைய அளவுக்குப் போங்கள்.

படி 9: சொற்கள்

சாப்பாட்டுக்கு முன், பசியோடு இருக்கும்போது மூன்று நிமிடம் போதும். தீனியை மூக்குக்கு நேரே பிடித்துத் தலைக்கு மேல் பின்பக்கமாக மெல்ல நகர்த்துங்கள். தலை மேலே போகும்போது பின்பக்கம் தானாகத் தரையில் உட்காரும். உட்கார்ந்த நொடி தீனி. பத்தில் எட்டு முறை சரியாக வந்த பிறகுதான் "உட்கார்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும்.

"வா" என்ற சொல்லைப் பொக்கிஷமாகக் காப்பாற்றுங்கள். கூப்பிட்டு வந்தால் எப்போதும் நல்லதுதான் நடக்க வேண்டும். திட்டுவதற்கோ குளிப்பாட்டுவதற்கோ "வா" என்று கூப்பிடாதீர்கள், நீங்களே போய்த் தூக்கிக்கொள்ளுங்கள். நடக்கும்போது கயிறு இழுபட்டால் நில்லுங்கள், தளர்ந்தால் நடங்கள். கழுத்தை இறுக்கும் சங்கிலி எந்த வயதிலும் வேண்டாம்.

8 மாதம் வாக்கில், கற்றதெல்லாம் மறந்தது போல நடந்துகொள்ளலாம். வளரிளம் பருவம் அது, தானாகவே கடந்துபோகும். அந்த நாட்களில் கயிற்றை அவிழ்க்காமல், தீனியைத் திரும்பவும் தாராளமாகக் கொடுத்து முதலில் இருந்து பழக்குங்கள். ஆனால் கிண்ணத்தின் பக்கம் யாராவது போனால் உடம்பை விறைத்து உறுமுகிறது என்றால் அது வேறு விஷயம். கிண்ணத்தைப் பிடுங்கிச் சோதித்துப் பார்க்காதீர்கள், உறுமியதற்காகத் திட்டவும் வேண்டாம். மருத்துவரிடம் சொல்லி, அடிக்காமல் பழக்கும் பயிற்சியாளர் ஒருவரை அந்த வாரமே தேடுங்கள்.