பருந்தும் விமானமும்: மாணவர்களுக்குச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சை, திருவாரூர், நாகைப் பள்ளிகளின் அறிவியல் கண்காட்சிகளில் அட்டை இறக்கை ஒன்றை அடிக்கடி பார்க்கலாம். ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் படபடவென்று அடிக்கும். ‘பறவை சிறகடிப்பதைப் பார்த்து மனிதன் விமானத்தைக் கண்டுபிடித்தான்’ என்று பக்கத்தில் எழுதியிருக்கும். முதல் தவறு அந்த வரிதான்.

சிறகடிப்பை நம்பியவர்களுக்கு அன்று வானம் வசப்படவில்லை. லியோனார்டோ டா வின்சி 1505ஆம் ஆண்டு வாக்கில் பருந்துகளைக் கவனித்துக் குறிப்பேடு எழுதியவர். ஆனாலும் அவர் வரைந்த சிறகடிக்கும் கருவிகள் மனிதத் தசையை நம்பியிருந்தன. அந்த வலு நமக்கில்லை என்று 1680இல் வெளிவந்த இத்தாலிய அறிஞர் பொரெல்லியின் நூல் விளக்கியது. 1799இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கேலிதான் தூக்குவதற்கு அசையாத இறக்கை, முன்னே தள்ளுவதற்கு வேறொரு ஏற்பாடு என்று இரண்டையும் பிரித்தார். ஆகவே மாணவர்கள் பார்க்க வேண்டியது, சிறகை விரித்தபடி வட்டமிடும் பருந்தை.

அப்படி மேலே ஏறும் சக்தி பருந்தின் உடம்பிலிருந்து வருகிறது என்று எண்ணிவிடக் கூடாது. சூடான நிலத்திலிருந்து எழும் காற்றே அதைத் தூக்குகிறது. சம்பா வயலில் தண்ணீர் நிற்கும்போது நிலம் மெல்லத்தான் சூடாகும். அறுவடை முடிந்து காயும் தரிசும், தார்ச்சாலையும், ஊரின் கூரைகளும் சீக்கிரம் சூடேறும். விடிந்ததும் போய்ப் பார்த்து ஏமாற வேண்டாம். வெயில் ஏறட்டும்.

பெரிய தவறு இனிமேல்தான் வருகிறது. இன்ஜின் கிடைத்ததும் மனிதன் பறந்துவிட்டான் என்று பாடம் முடிந்துவிடுகிறது. ஜெர்மனியின் ஓட்டோ லிலியந்தால் இன்ஜின் இல்லாமலே ஏராளமான முறை சறுக்கிப் பறந்தார். உடலை அப்படியும் இப்படியும் சாய்த்தே சமநிலை பிடித்தார். 1896இல் காற்றில் கட்டுப்பாடிழந்து விழுந்து இறந்தார். ரைட் சகோதரர்கள் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான்: சாய்ந்த இறக்கையை எப்படி நிமிர்த்துவது? காற்று சாய்த்துவிட்டால் பிணந்தின்னிக் கழுகுகள் இறக்கை நுனியை முறுக்கி நிமிர்கின்றன என்று 1900 மே மாதம் வில்பர் ரைட் கடிதம் எழுதினார். 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி பறந்த விமானத்தில் இறக்கையையே முறுக்கும் ஏற்பாடு இருந்தது.

பறவை இப்படி முறுக்கித் திருப்பிச் சமநிலை பிடிப்பதை நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்தில் கண்ணால் காணலாம். செம்பருந்தின் வால் நுனி வட்டமானது. கள்ளப்பருந்தின் வால் பிளவுபட்டது. அந்தப் பிளந்த வாலை மட்டும் விடாமல் பாருங்கள். ஒரு முனை மேலே, மறுமுனை கீழே என்று நொடிக்கு நொடி திரும்பிக்கொண்டே இருக்கும். இறக்கை நுனி இறகுகள் விரல்களாகப் பிரிந்து நிற்கும். எனக்கு அலுக்காத காட்சி அது.

அதற்காக எல்லாவற்றையும் பறவையின் கணக்கில் எழுதுவதும் சரியல்ல. வில்பர் 1899இலேயே தங்கள் சைக்கிள் கடையில் ஓர் அட்டைப்பெட்டியைக் கையால் முறுக்கிப் பார்த்து அந்த யோசனையை உருவாக்கியிருந்தார். பறவைகள் தந்தது ஊக்கம் மட்டுமே என்றுகூட ஆர்வில் ரைட் பிற்காலத்தில் எழுதினார். உருவ ஒற்றுமையை வைத்து முடிவு கட்டுவது இன்னும் மோசம். பாய்ந்திறங்கும் பொரி வல்லூறையும் அமெரிக்காவின் வாலில்லா பி-2 குண்டுவீச்சு விமானத்தையும் அருகருகே வைத்து, அதைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள் என்று படம் பரப்புகிறார்கள். பி-2ஐ உருவாக்கிய நார்த்ராப் நிறுவனம் 1940களிலேயே வாலில்லா விமானங்களைப் பறக்கவிட்டுப் பார்த்தது. பி-2 அந்த வழியில் வந்தது.

கண்காட்சிக்கு மாதிரி செய்வதானால் படபடக்கும் அட்டை வேண்டாம். தெர்மாகோல் கிளைடர் ஒன்று போதும். இறக்கைகளின் பின்விளிம்பில் காகிதப் பட்டை ஒட்டி, வலப்பக்கத்தை மேல்நோக்கியும் இடப்பக்கத்தைக் கீழ்நோக்கியும் மடித்து எறிந்தால் வலப்பக்கம் சாயும். இரண்டையும் ஒரே திசையில் மடித்தால் பக்கவாட்டுச் சாய்வு வராது. மடிப்பு இம்மியளவே இருக்கட்டும். கூடினால் சுழன்று தரையில் மோதிவிடும்.