புது ஆயர், புது ஆராதனை, பழைய சண்டை: மாற்றத்தை நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிறிஸ்தவ சபைகளில் இப்போது ஒரு மாற்றம் ஓய்ந்து அடுத்தது வருவதில்லை, எல்லாம் ஒரே நேரத்தில் வருகின்றன. ஆராதனை யூடியூபில் ஓடுகிறது. காணிக்கையில் பாதி க்யூஆர் அட்டை வழியாக வருகிறது. இளைஞர்கள் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, கிராமத்துக் கோயிலில் பெரியவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். நகரத்துக் கோயிலிலோ பழைய பாமாலைப் பாட்டா, கீபோர்டு பாட்டா என்ற பஞ்சாயத்து முடியவே இல்லை. இதற்கு நடுவில் சபையை நடத்தும் போதகரான ஆயருக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் வேறு. பள்ளியோ மருத்துவமனையோ தொண்டு நிறுவனமோ நடத்துபவர்களும் கிட்டத்தட்ட இதே நெருக்கடியில்தான் இருக்கிறார்கள்.

இத்தனை வேகத்தில் தலைவர்கள் எதை மாற்றினார்கள் என்பதற்காக வரும் சண்டையைவிட, எப்படி மாற்றினார்கள் என்பதற்காக வரும் சண்டைதான் அதிகம் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றுக்கும் ஒரே வேகம்

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, ஈஸ்டருக்கு மூன்று வாரம்கூட இல்லை. கமிட்டி கூட்டி, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்க நேரம் ஏது? யாரோ ஒரு பையன் போனை ஸ்டாண்டில் மாட்டினான், ஆயர் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பிரசங்கித்தார். அந்த நேரத்தில் அதுதான் சரி. மூன்று பேர் வாட்ஸ்அப்பில் பேசி முடிவெடுத்ததையும் யாரும் குறை சொல்லவில்லை.

தவறு அதற்கு அப்புறம்தான் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் வழிபாட்டுத் தலங்கள் திறந்தன. கதவு திறந்தது, ஆனால் மூன்று பேர் முடிவெடுக்கும் வழக்கம் பல இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. வெள்ளத்துக்குப் போட்ட மூங்கில் பாலத்தின் மேல் வருடக்கணக்கில் லாரி விடுவது மாதிரி. ஆராதனை நேரத்தை மாற்றுவதும், பாடகர் குழுவைக் கலைத்து வேறு குழு அமைப்பதும் அவசரநிலைக் காரியங்கள் அல்ல. அவற்றைப் பற்றி, சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் மூன்று மாதம் பேசினாலும் ஒன்றும் கெட்டுவிடாது.

நேரலையும் அப்படித்தான். படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு அது பெரிய ஆறுதல், நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இது யாருக்காகத் தொடர்கிறது, யார் பொறுப்பு, செலவு எந்தக் கணக்கில் என்று ஒருமுறையாவது உட்கார்ந்து பேச வேண்டும். பேசாவிட்டால், அந்தப் பையன் வேலை கிடைத்து ஓசூருக்குப் போகும்போது சபையின் யூடியூப் பாஸ்வேர்டும் அவனோடு போய்விடும்.

முன்பு நடந்தது எல்லாம் தவறு என்று தொடங்குவது

மிகவும் ஆபத்தான தவறு என்று நான் இதைத்தான் சொல்வேன். புதிதாக வரும் தலைவர் வாயைத் திறந்ததும், “இத்தனை வருடம் இங்கே என்னதான் செய்தீர்கள்?” என்ற தொனி வந்துவிடுகிறது. அதன் பிறகு அவர் சொல்லும் நல்ல யோசனையும் அவமானமாகத்தான் காதில் விழும்.

இதைத் தவிர்த்தவர்களுக்கு நம்மிடமே பெரிய உதாரணம் இருக்கிறது. 1919-ல் தரங்கம்பாடியில் சில சபைத் தலைவர்கள் கூடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். இங்கிலாந்துத் திருச்சபை மரபில் வந்த ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான (பேராயர் என்றால் பல ஆயர்களுக்குத் தலைவர்) வி. எஸ். அசரியா அதில் முக்கியமானவர். வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல்லில் பேராயராக இருந்தவர். வெளிநாட்டு மிஷன்கள் கொண்டுவந்த பிரிவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதிலாக, சி.எஸ்.ஐ. என்று நாம் சொல்லும் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. இடையில் 28 வருடம். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945-ன் முதல் நாளிலேயே இறந்துவிட்டார்.

இணைந்தவை மூன்று மரபுகள்: ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியரும் காங்கிரிகேஷனல்காரரும் முன்பே சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை. முட்டிக்கொண்ட இடம் ஆயர் அபிஷேகம், அதாவது ஒருவரை ஆயராக ஏற்படுத்தும் சடங்கு. ஆங்கிலிக்கன் மரபில் பேராயர் கைவைத்தால்தான் அபிஷேகம். மற்ற இரண்டிலும் பேராயர் என்ற பதவியே இல்லை. அப்படியானால் அவர்களுடைய ஆயர்கள் இதுவரை அப்பமும் ரசமும் பகிர்ந்து கொடுத்த திருவிருந்து செல்லாததா? மறுபடி அபிஷேகம் பண்ண வேண்டுமா?

அங்கேதான் அவர்களுடைய புத்திசாலித்தனம் தெரிகிறது. ஏற்கனவே அபிஷேகம் பெற்ற எல்லோரும், எந்த மரபிலிருந்து வந்தாலும், அப்படியே ஏற்கப்பட்டார்கள். இனிமேல் அபிஷேகம் பெறுபவர்களுக்குப் பேராயர் கைவைப்பார். இரண்டும் கலந்து ஓடும் இடைக்காலம் 30 வருடம். ஒரு தலைமுறை ஓய்வுபெறும் வரை காத்திருக்கத் தயாராக இருந்தார்கள். யாரும் தன் தகப்பனும் தாத்தாவும் செய்த ஊழியம் செல்லாது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

அதோடு ஒரு வாக்குறுதியும் கொடுத்தார்கள். ஒரு சபை மனசாட்சிப்படி ஏற்க முடியாத ஆராதனை முறையையோ ஊழியரையோ அதன்மேல் திணிக்க மாட்டோம் என்பது அதன் சாரம். இன்று ஒரு நிறுவனத்தை இணைக்கும் நிர்வாகி முதல் நாளே இப்படி எழுதிக் கொடுப்பாரா என்று யோசித்துப் பாருங்கள். பயந்தவர்களை உள்ளே கொண்டுவந்ததில் அந்த ஒரு வாக்குறுதிக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

புதிய திருவிருந்து ஆராதனை முறையையும் சுற்றறிக்கை போட்டுக் கட்டாயமாக்கவில்லை. 1950-ல் மதுரையில் நடந்த சினாட் என்னும் திருச்சபைப் பொதுக்குழுக் கூட்டத்தில் பயன்படுத்திப் பார்த்தார்கள். விரும்பிய சபைகள் அதை எடுத்துக்கொண்டன. 1963-ல்தான் அது பொது ஆராதனைப் புத்தகத்தில் சேர்ந்தது. இன்றோ ஒரு ஞாயிறு புரொஜெக்டரை மாட்டி, அடுத்த ஞாயிறு பாட்டுப் புத்தகத்தை எடுத்துவிடுகிறோம்.

தரமாக இருந்தால் தானாக ஏற்றுக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை

யாழ்ப்பாணத்தில் மிஷனரி பீட்டர் பெர்சிவல் தலைமையில் உருவான ஒரு தமிழ் வேதாகமம் 1850-ல் வெளிவந்தது. உதவியவர் ஆறுமுக நாவலர். தமிழுக்குக் குறையே சொல்ல முடியாத கூட்டணி. ஆனாலும் சென்னைப் பக்கத்தில் அது எடுபடவில்லை. ஹென்றி பவர் தலைமையில் வேறொரு குழு பல வருடம் உட்கார்ந்து, 1871-ல் வந்த திருத்தம்தான் பெரும்பாலான சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் இன்றுவரை வாசிக்கப்படுகிறது. அப்போதும் லுத்தரன் சபையார் தங்கள் பழைய பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பை லேசில் விடவில்லை. கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995-ல் வந்த திருவிவிலியத்தின் தமிழ் இன்றைய வாசகருக்கு எளிது. ஆனால் மனப்பாட வசனம் சொல்லச் சொன்னால் சி.எஸ்.ஐ. பாட்டி பவர் தமிழில்தான் சொல்வார். மனப்பாடமாகிவிட்டதைத் தரத்தால் மட்டும் பெயர்க்க முடியாது. மென்பொருள் மாற்றும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது

கமிட்டியில் யாரும் எதிர்க்கவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. உண்மையான விவாதம் ஆராதனை முடிந்து வெளியே செருப்பு மாட்டும்போது நடக்கும். அங்கே பேசுபவர்களில் பலர், முக்கியமாகப் பெண்கள், கமிட்டியிலேயே இருப்பதில்லை. அதனால் தீர்மானத்துக்கு முன்பே வீடு வீடாகப் போய்க் கேட்பது நல்லது. “இது பிடித்திருக்கிறதா?” என்று கேட்டால் ஆயர் மனம் நோகக் கூடாதென்று எல்லோரும் தலையாட்டுவார்கள். “இப்படி மாற்றினால் உங்களுக்கு என்ன கஷ்டம்?” என்று கேளுங்கள். காலை ஆராதனையை ஏழு மணிக்கு மாற்றினால் முதல் பஸ்ஸே ஏழேகாலுக்குத்தான் என்று அப்போது தெரியவரும். பாட்டு மாறினால் முப்பது வருடமாக ஆர்கன் வாசித்தவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை என்பதும் தெரியவரும்.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் பழமைவாதிகள் என்று முத்திரை குத்துவதும் இதோடு சேர்ந்த தவறு. சிலர் அதிகாரம் போய்விடுமே என்றுதான் எதிர்க்கிறார்கள், அது உண்மை. ஆனால் சிலர் நமக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொண்டு எதிர்க்கிறார்கள். இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்காத தலைவர் கடைசியில் தலையாட்டுபவர்களை மட்டுமே சுற்றி வைத்திருப்பார்.

அறிவித்த நாளையே முடிந்த நாளாக நினைப்பது

2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தது. ஆனால் இரண்டின் கணினி அமைப்புகளும் ஒன்றாவதற்கு 2021 பிப்ரவரி ஆகிவிட்டது. காகிதத்தில் ஒரே நாளில் நடப்பது கவுன்டரில் நடக்க மாதங்கள் எடுக்கும்.

சபையில் இன்னும் அதிகம். ஆந்திராவின் நந்தியாலில் ஆங்கிலிக்கன் சபையார் பலர் 1947-ல் இணைய மறுத்துத் தனியே நின்றார்கள். நந்தியால் மறைமாவட்டம் 1975-ல்தான் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தது. அதே நந்தியாலுக்குத்தான் 2013-ல் அந்தத் திருச்சபையின் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா வந்தார். கடைசியாக வந்தவர்கள் எப்போதும் கடைசியிலேயே நிற்பார்கள் என்று கணக்குப் போடுவதும் தவறுதான் போலிருக்கிறது.

எனவே அறிவிப்போடு வேலையை முடித்துவிடாமல், ஆறு மாதம் கழித்து எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று கமிட்டி மறுபடி பார்க்கட்டும். ஓடாததை வெட்கப்படாமல் நிறுத்தட்டும். ஏன் தொடங்கினோம், யார் எதிர்த்தார்கள், என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதை மினிட் புத்தகத்தில் தெளிவாக எழுதி வையுங்கள். அடுத்த ஆயர் மூன்றாவது ஞாயிறே எல்லாவற்றையும் மாற்ற வந்தால், அவர் கையில் முதலில் அதைக் கொடுக்கலாம்.